கருவின் முதல் மணி நேரங்களை நடத்துவது யார்?

டி.என்.ஏ-வில் இருக்கும் மரபணு, தூது ஆர்.என்.ஏ-வாகப் படியெடுக்கப்படுகிறது. அந்தத் தூதை ரைபோசோம் படித்துப் புரதம் செய்கிறது. பள்ளியில் இதை இரண்டு அம்புக்குறி போட்டு எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது அம்புக்குறியைப் பற்றியது. தூது எழுதப்பட்டுவிட்டால் புரதம் தானாக வந்துவிடும் என்ற எண்ணத்தை அந்தப் படம் நமக்குள் விதைத்துவிடுகிறது. பல செல்களில் அது ஓரளவு சரிதான். முட்டையிலும் இளம் கருவிலும் சரியல்ல. அங்கே ஒரு தூது எழுதப்பட்ட பிறகும் நாட்கணக்கில், சில உயிர்களில் வாரக்கணக்கில், யாரும் படிக்காமல் கிடக்கும். அதை எப்போது படிக்க வேண்டும், முட்டையின் எந்த மூலையில் படிக்க வேண்டும் என்று தீர்மானிக்கத் தனியாக ஒரு புரதக் கூட்டம் இருக்கிறது. ஆர்.என்.ஏ-வோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் இவற்றுக்கு ஆர்.என்.ஏ பிணைப்புப் புரதங்கள் என்று பெயர். தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம், எந்தச் செல்லிலிருந்து அடுத்த தலைமுறையின் முட்டையும் விந்தும் வரப்போகின்றன என்கிற முதல் முடிவுகளில் பெரும்பகுதி இவற்றின் கையில்தான் இருக்கிறது.

பெங்களூரில் அல்சூர் பக்கம் ஞாயிறு காலைகளில் தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்கு உயிரியல் சொல்லித் தருகிறேன். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பாடப்புத்தகத்தில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி ஒருநாள் கேட்டாள். "மிஸ், அம்மா ஜீன் பாதி, அப்பா ஜீன் பாதி சேர்ந்ததும் அதுங்க உடனே வேலையை ஆரம்பிச்சிடும்தானே?" நல்ல கேள்வி. பதில், இல்லை.

மனிதக் கருவின் சொந்த மரபணுக்கள் பெரிய அளவில் வேலைக்கு வருவது நான்கு முதல் எட்டுச் செல் கட்டத்தில்தான், அதாவது கருத்தரித்து ஏறக்குறைய மூன்றாம் நாளில். எலியில் அது இரண்டு செல் கட்டத்திலேயே நடந்துவிடுகிறது. செனோபஸ் என்ற ஆப்பிரிக்கத் தவளையிலோ ஒற்றை முட்டை பன்னிரண்டு முறை பிரிந்து சுமார் நாலாயிரம் செல்கள் ஆகும்வரை மரபணுக்கள் பெரும்பாலும் மௌனமாகவே இருக்கின்றன. பழ ஈயில் உட்கரு பதின்மூன்று முறை பிரிந்து முடிய வேண்டும். அதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக ஆகும். அதுவரை கரு எதை வைத்து ஓடுகிறது? அம்மா முட்டைக்குள் வைத்துவிட்டுப் போனதை வைத்து.

மதுரையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ பெங்களூருக்கு வேலைக்கு வரும் பிள்ளைக்கு, அம்மா சாம்பார் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி எல்லாம் அரைத்து, தனித்தனிப் பொட்டலமாக்கி, வாயை இறுக்கிக் கட்டி, மேலே பெயர் எழுதிக் கொடுத்தனுப்புவார். இங்கே வந்து அடுப்பு வாங்கிச் சொந்தமாகச் சமைக்கும்வரை பிள்ளை அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். முட்டைக்குள் இருக்கும் தாயின் தூதுகளும் அப்படி முன்கூட்டியே செய்து கட்டி வைக்கப்பட்டவை. எல்லாவற்றையும் முதல் நாளே பிரித்துக் கொட்டிவிட்டால் வீணாகும். கட்டுவதும், சரியான நேரத்தில் பிரித்துக் கொடுப்பதும் ஆர்.என்.ஏ பிணைப்புப் புரதங்களின் வேலை.

கரு ஏன் தேவைப்படும்போது தானே எழுதிக்கொள்ளக்கூடாது என்று கேட்கலாம். முட்டை முதிரும் கட்டத்தில் அதன் குரோமோசோம்கள் இறுகிச் சுருண்டு, படியெடுக்கும் இயந்திரம் நெருங்க முடியாத நிலைக்குப் போய்விடுகின்றன. ஈ, தவளை போன்ற வெளியே முட்டையிடும் உயிர்களுக்கு அவசரம் வேறு. எதிரி வந்து தின்பதற்குள் புழுவாகவோ தலைப்பிரட்டையாகவோ ஆகித் தப்பிக்க வேண்டும். பழ ஈயின் முதல் சில பிரிவுகள் எட்டு நிமிடத்துக்கு ஒன்று என்ற வேகத்தில் போகின்றன. அந்த எட்டு நிமிடத்தில் டி.என்.ஏ முழுவதையும் இரட்டிக்கவே நேரம் சரியாக இருக்கும். நீளமான ஒரு மரபணுவைப் படியெடுத்து முடிக்க அவகாசமே இல்லை.

இது இப்படித்தான் என்று நமக்கு எப்படித் தெரிந்தது என்பதும் அழகான கதை. 1936-இல் எதல் பிரவுன் ஹார்வி என்ற அமெரிக்க விஞ்ஞானி கடல் முள்ளெலி என்ற, உடல் முழுக்க முட்கள் உள்ள கடல் உயிரியின் முட்டைகளை அதிவேகமாகச் சுழற்றி இரண்டு துண்டாகப் பிரித்தார். ஒரு துண்டில் உட்கரு இருக்கும், மற்றதில் இருக்காது. உட்கரு இல்லாத துண்டைத் தூண்டிவிட்டபோது அது பிரியத் தொடங்கியது. மரபணுக்களைத் தாங்கும் உட்கருவே இல்லாமல் ஒரு முட்டைத் துண்டு பிரிந்துகொண்டே போனது என்றால், அதற்கான ஏற்பாடு வெளியே, செல்லின் சாற்றில் இருந்தாக வேண்டும். 1960-களில் இதன் அடுத்த படி வந்தது. ஆக்டினோமைசின் டி என்ற மருந்து புதிய ஆர்.என்.ஏ எழுதப்படுவதைத் தடுக்கும். அதைக் கொடுத்த பிறகும் கருத்தரித்த முள்ளெலி முட்டைகள் புரதம் செய்தன, பிரிந்தன. ஆக, தூது ஏற்கெனவே உள்ளே இருந்திருக்கிறது. கருத்தரிப்பதற்கு முன் அதை யாரோ மறைத்து வைத்திருந்தார்கள். அந்த யாரோ யார் என்று கண்டுபிடிக்க இன்னும் இருபது முப்பது ஆண்டுகள் ஆயின.

தூதின் வாலில் இருக்கும் சூட்சுமம்

ஒரு தூது ஆர்.என்.ஏ-வை நீட்டிப் பார்த்தால், முன்முனையில் தொப்பி என்று சொல்லப்படும் ஒரு சிறிய வேதியியல் மூடி இருக்கும். பின்முனையில் ஏ என்ற எழுத்து மட்டும் திரும்பத் திரும்ப வரும் ஒரு வால். நடுவில் புரதத்துக்கான செய்தி. செய்தி முடிந்த இடத்துக்கும் வாலுக்கும் இடையில், புரதமாக மாறாத ஒரு நீட்சி உண்டு. ஆங்கிலப் புத்தகங்கள் த்ரீ பிரைம் யூ.டி.ஆர். என்று சொல்வது இதைத்தான். இங்கே பின்நீட்சி என்று வைத்துக்கொள்வோம். மாணவர்கள் இதை உபயோகமில்லாத பகுதி என்று தாண்டிவிடுவார்கள். முட்டையைப் பொறுத்தவரை கட்டளைகள் எல்லாம் எழுதியிருப்பதே இங்கேதான்.

ரைபோசோம் தூதின் மேல் ஏற, முதலில் தொப்பியை ஒரு புரதம் பிடிக்க வேண்டும். வாலை இன்னொரு புரதம் பிடிக்க வேண்டும். இந்த இரண்டும் ஒரு நடுவர் புரதம் வழியாகக் கைகோத்துக்கொள்ளும்போது தூது வளைந்து ஒரு வளையமாகிறது. அந்த நிலையில் ரைபோசோம்கள் எளிதாக ஏறுகின்றன. இதில் ஏதாவது ஒரு கண்ணியை உடைத்தால் போதும், தூது படிக்கப்படாது. பிணைப்புப் புரதங்கள் செய்வது பெரும்பாலும் இதுதான். பின்நீட்சியில் தனக்கென்று இருக்கும் சில எழுத்துகளைக் கண்டு ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரு கூட்டாளியை அழைத்து வரும். அந்தக் கூட்டாளி தொப்பியை மறித்து நிற்கலாம். அல்லது வாலைக் கொறித்துக் குட்டையாக்கும் நொதிக் கூட்டத்தை இழுத்து வரலாம். சில சமயம் தூதையே ரைபோசோம்கள் அதிகம் இல்லாத ஒரு திரட்சிக்குள் கொண்டுபோய் வைத்துவிடும். மனிதனில் ஆர்.என்.ஏ-வைப் பற்றும் புரதங்கள் சுமார் 1,500 இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நம்மிடம் உள்ள புரதம் செய்யும் மரபணுக்கள் மொத்தமே ஏறக்குறைய 20,000 என்பதை நினைத்தால், இது சின்ன எண்ணிக்கை அல்ல.

தவளை முட்டையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். வளர்ந்து முடித்த முட்டைச்செல், தாயின் உடலில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் வரும்வரை பாதிப் பிரிவில் நின்று காத்திருக்கும். பிரிவைத் தொடரத் தேவையான சைக்ளின் பி போன்ற புரதங்களின் தூதுகள் உள்ளே தயாராக இருக்கின்றன. ஆனால் வால் குட்டை, இருபது முப்பது எழுத்துதான். அவற்றின் பின்நீட்சியில் யூ என்ற ஆர்.என்.ஏ எழுத்து நிறைந்த ஒரு குறுகிய வரிசை உண்டு. அதில் சி.பி.ஈ.பி. என்ற புரதம் உட்கார்ந்துகொண்டு தூதைப் பூட்டி வைக்கிறது. ஹார்மோன் வந்ததும் சி.பி.ஈ.பி.-யின் மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டுகிறது. உடனே வாலைக் கொறிக்கும் நொதி விலகுகிறது, வாலை நீட்டும் நொதிக்கு வழி கிடைக்கிறது. வால் நூறு எழுத்தைத் தாண்டி நீளுகிறது, ரைபோசோம்கள் ஏறுகின்றன, முட்டை முதிர்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், பூட்டியதும் திறந்ததும் ஒரே புரதம் என்பது. இடத்தை விட்டு அது நகரவே இல்லை. கூட்டாளிகள்தான் மாறினார்கள்.

பழ ஈயின் முட்டையில் தலையும் வாலும்

ஏலக்கி வாழைப்பழத்தைச் சமையலறையில் இரண்டு நாள் விட்டால் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, அந்தச் சின்ன ஈக்களின் உறவுக்காரர்தான் இந்தத் துறைக்கே ஆசான். பெங்களூரில் இதற்கு ஒரு தனி மரியாதை உண்டு. பெல்லாரி சாலையில் ஜி.கே.வி.கே. வளாகத்துக்குள் இருக்கும் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தைத் தொடங்கிய ஒபைத் சித்திகி, இந்த ஈ வாசனையை எப்படி உணர்கிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அந்த வளாகத்தில் ஆய்வுகளுக்காகப் பழ ஈக்களை வளர்த்துத் தருவதற்கென்றே ஒரு பிரிவு இயங்குகிறது.

பழ ஈயின் முட்டை அரை மில்லிமீட்டர் நீளம். கருத்தரித்த பிறகு உட்கருக்கள் மட்டும் பிரிந்துகொண்டே போகும். நடுவில் செல் சவ்வு எழும்பாது. ஆறாயிரம் உட்கருக்கள் சேரும்வரை எல்லாம் ஒரே செல்லின் சாற்றுக்குள்தான். தடுப்பு எதுவும் இல்லாததால், ஒரு முனையில் செய்த புரதம் மெல்ல மெல்ல மறுமுனை நோக்கிப் பரவ முடியும். உட்கருக்கள் அந்தப் புரதத்தின் அளவை வைத்துத் தாங்கள் முட்டையில் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கின்றன.

முன்முனையில் பைகாய்டு என்ற மரபணுவின் தூது கட்டிப்போடப்பட்டிருக்கிறது. அதை எழுதி அங்கே வைத்தது தாய். முட்டையிட்டதும் அது படிக்கப்பட்டு, பைகாய்டு புரதம் முன்பக்கம் அடர்த்தியாகவும் பின்பக்கம் போகப்போக நீர்த்தும் பரவுகிறது. தாயிடம் இந்த மரபணு பழுதாக இருந்தால் பிறக்கும் புழுவுக்குத் தலையும் மார்பும் இருக்காது. தலை இருக்க வேண்டிய இடத்தில் வால்முனை உறுப்புகள் இருக்கும். தகப்பனிடமிருந்து நல்ல பிரதி வந்திருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் அது விழித்துக்கொள்வதற்குள் முடிவு எடுத்தாகிவிட்டது. கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டின் ஆய்வகத்தில் நல்ல முட்டை ஒன்றின் முன்முனைச் சாற்றை எடுத்து, பழுதான முட்டையின் முன்முனையில் செலுத்திப் பார்த்தார்கள். தலை திரும்பக் கிடைத்தது. அவரும் எரிக் வீஷாஸும் எட்வர்ட் லூயிஸும் ஈயின் கரு வளர்ச்சியை அவிழ்த்ததற்காக 1995-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பைகாய்டு இன்னொரு வேலையும் செய்கிறது. காடல் என்ற மரபணுவின் தூதைத் தாய் முட்டை முழுவதும் சமமாகப் பரப்பி வைத்திருப்பாள். அதன் புரதம் பின்பகுதியை உருவாக்குவதற்கானது. தலைப்பக்கம் அது வரக்கூடாது. பைகாய்டு புரதம் காடல் தூதின் பின்நீட்சியைப் பற்றிக்கொண்டு, தொப்பியைப் பிடிக்கப் பொய்யான ஒரு புரதத்தை அமர்த்துகிறது. அந்தப் பொய்ப் புரதம் தொப்பியைப் பிடிக்கும், ஆனால் ரைபோசோமை அழைக்காது. இதனால் முன்பக்கத்தில் காடல் படிக்கப்படாமல் போகிறது. டி.என்.ஏ-வைப் பிடித்து மரபணுக்களை முடுக்கும் புரதமாகவே பைகாய்டை எல்லோரும் பேசுவார்கள். ஆர்.என்.ஏ-வைப் பிடித்து நிறுத்துவதும் அதே புரதம் என்பது பாடங்களில் விட்டுப்போகும்.

இப்போது பின்முனை. இங்கேதான் விஷயம் இன்னும் சுவாரசியம். ஹன்ச்பேக் என்ற தூதும் முட்டை முழுக்கச் சமமாக இருக்கிறது. அதன் புரதம் பின்பக்கம் வந்தால் வயிற்றுப் பகுதி உருவாகாது. அதைத் தடுக்க இரண்டு புரதங்கள் சேர்கின்றன. புமிலியோ முட்டை முழுவதும் இருக்கும். ஹன்ச்பேக்கின் பின்நீட்சியில் உள்ள குறிப்பிட்ட எழுத்துகளை அது அடையாளம் காணும். அதன் வடிவத்தைப் படிகமாக்கிப் பார்த்தபோது, எட்டு ஒரே மாதிரியான மடிப்புகள் பிறை வடிவில் வளைந்திருந்தன. ஒவ்வொரு மடிப்பும் ஆர்.என்.ஏ-வின் ஒவ்வொரு எழுத்தைத் தொட்டுப் படிக்கிறது. நானோஸ் என்ற இன்னொரு புரதம் பின்முனையில் மட்டும் இருக்கும். இரண்டும் ஒன்றாகத் தூதின் மேல் சேர்ந்தால்தான் ஹன்ச்பேக் அடங்கும். எனவே பின்பக்கத்தில் மட்டும் அடங்குகிறது. ஓர் ஆய்வு இதை அழுத்தமாகக் காட்டியது. நானோஸ் இல்லாத முட்டையில் வயிறு உருவாகாது. நானோஸும் இல்லை, தாய் தந்த ஹன்ச்பேக்கும் இல்லை என்றால் வயிறு சரியாக உருவாகிவிடுகிறது! உடலின் பின்பகுதியை அமைப்பதில் நானோஸின் பங்கு, ஒரே ஒரு தூதைப் படிக்கவிடாமல் நிறுத்துவது மட்டும்தான் என்று இதிலிருந்து தெரிந்தது.

சரி, நானோஸ் எப்படிப் பின்முனையில் மட்டும் வந்தது? அதன் தூது முழுவதும் அங்கே கொண்டுபோகப்பட்டிருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். அளந்து பார்த்தால் நூற்றில் நான்கு பங்குதான் பின்முனையில் இருக்கிறது. மீதி தொண்ணூற்றாறும் முட்டை முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. அந்தச் சிதறிய தூதுகளை ஸ்மாக் என்ற பிணைப்புப் புரதம் பிடித்துக்கொள்கிறது. நானோஸ் தூதின் பின்நீட்சியில் ஆர்.என்.ஏ தன்மேலேயே மடங்கி ஒரு கொண்டை ஊசி வளைவு உண்டாகியிருக்கும். ஸ்மாக் அதைத்தான் பற்றுகிறது, தொப்பியை மறிக்கிறது, வாலைக் கொறிக்க ஆள் அழைக்கிறது. பின்முனையில் மட்டும் ஆஸ்கார் என்ற புரதம் ஸ்மாக்கை நெருங்கவிடாமல் செய்வதால், அந்த நான்கு பங்கு படிக்கப்படுகிறது.

அப்படியென்றால் ஆஸ்கார் எப்படி அங்கே வந்தது என்ற கேள்வி எழும். வகுப்பில் எப்போதும் எழுகிறது. தாயின் சினைப்பையில் ஒவ்வொரு முட்டைச்செல்லோடும் பதினைந்து ஊட்டச்செல்கள் ஒட்டியிருக்கும். ஆஸ்கார் தூது அவற்றில் எழுதப்பட்டு, இடையிலுள்ள துளைகள் வழியே முட்டைக்குள் வருகிறது. பிறகு செல்லுக்குள் ஓடும் நுண்குழாய்கள் மேல், மோட்டார் புரதங்கள் அதைச் சுமந்து பின்முனைக்குக் கொண்டுபோகின்றன. இந்தப் பயணத்தில் அதோடு கூடவே வரும் புரதங்களில் ஒன்று புரூனோ. போய்ச் சேரும்வரை வழியில் எங்கும் படிக்கப்படாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. இறங்க வேண்டிய இடம் வந்ததும் அந்தத் தடை விலகுகிறது. தடை சரியாக வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. 1992-இல் ஆன் எஃப்ருஸியும் ரூத் லேமனும் ஆஸ்காரை வேண்டுமென்றே முன்முனையில் உருவாக்கிப் பார்த்தார்கள். தலை இருக்க வேண்டிய இடத்தில் இனச்செல்கள், அதாவது பின்னாளில் முட்டையும் விந்தும் தரும் செல்கள், முளைத்தன.

அடுத்த தலைமுறைக்கான செல்கள்

அந்தக் கடைசி வரி முக்கியமானது. ஆஸ்கார் பின்முனையில் நானோஸைக் காப்பதோடு நிற்பதில்லை. அங்கே அது சேர்க்கும் புரதங்களும் தூதுகளும்தான், எந்தச் செல்கள் இனச்செல்கள் ஆகும் என்று முடிவு செய்கின்றன. முட்டையின் மற்ற இடங்களில் செல் சவ்வு எழும்புவதற்கு முன்பே பின்முனையில் சில உட்கருக்கள் தனியாகப் பிதுங்கிச் செல்களாகின்றன. இவற்றின் வழியில் வருபவையே பிற்காலத்தில் அந்த ஈயின் முட்டையும் விந்தும். தோல், தசை, நரம்பு எல்லாம் அந்த ஓர் ஈயோடு முடிந்துபோகும். இந்தச் செல்கள் மட்டும் தொடரும்.

அதனாலேயே இவை மற்ற செல்களைப் போல அவசரப்பட்டுச் சிறப்பு வேலை எதற்கும் போகக்கூடாது. அருகிலுள்ள செல்களில் மரபணுக்கள் விழித்த பிறகும் இவற்றில் படியெடுத்தல் நிறுத்தியே வைக்கப்படுகிறது. புதிதாக எழுதுவது இல்லை என்றால், வேலையெல்லாம் பழைய தூதுகளை வைத்துத்தான். இனச்செல் வழியில் பிணைப்புப் புரதங்களுக்கு ஏன் இவ்வளவு அதிகாரம் என்று கேட்டால், என் பதில் இது.

சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். இதில் பெரும்பாலானவை இருபாலினப் புழுக்கள். ஒரே புழு முதலில் சுமார் 300 விந்தணுக்கள் செய்து சேமித்துக்கொள்ளும், அப்புறம் மாறி, ஆயுள் முழுக்க முட்டை மட்டும் செய்யும். இந்த மாற்றத்தை நடத்துவது எஃப்.பி.எஃப். என்ற புரதம். ஈயின் புமிலியோவுக்கு இது உறவு. அந்தக் குடும்பத்துக்கே இரண்டின் பெயரையும் சேர்த்து பஃப் என்று பெயர் வைத்துவிட்டார்கள். விந்து செய்யச் சொல்லும் ஃபெம்-3 என்ற தூதின் பின்நீட்சியில் எஃப்.பி.எஃப். ஒட்டி அதை நிறுத்தும். நிறுத்தியதும் முட்டை செய்யும் காலம் தொடங்கும். அந்தப் பின்நீட்சியில் ஒரே ஓர் எழுத்து மாறினால்கூட எஃப்.பி.எஃப். சரியாக ஒட்டாது. புழு விந்து செய்வதை நிறுத்தவே நிறுத்தாது. ஃபெம்-3 புரதத்தில் ஒரு மாற்றமும் இல்லை, செய்தி அப்படியே இருக்கிறது. மாறியது, புரதமாகவே மாறாத பகுதியில் ஓர் எழுத்து. அந்தப் பகுதியை உபயோகமில்லாதது என்று தாண்டும் மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லும் உதாரணம் இதுதான்.

இதே எஃப்.பி.எஃப். இளம் நிலை இனச்செல்களைத் தண்டுச்செல்களாகவே, அதாவது முதிராமல் பிரிந்துகொண்டே இருக்கும் செல்களாகவே, வைத்திருக்கவும் தேவை. முதிர்ச்சிக்குத் தள்ளும் ஜி.எல்.டி.-1 தூதை அது அடக்கி வைக்கிறது. ஜி.எல்.டி.-1-உம் ஒரு பிணைப்புப் புரதம்தான், அது வேறு தூதுகளை அடக்கும். ஒன்று இன்னொன்றை அடக்க, அது வேறொன்றை அடக்க, இப்படி ஒரு சங்கிலியே ஓடுகிறது.

புழுவின் இனச்செல்களில் பி-துகள்கள் என்று சில திரட்சிகள் நுண்ணோக்கியில் தெரியும். ஆர்.என்.ஏ-வும் பிணைப்புப் புரதங்களும் கூடியிருக்கும் இடங்கள் அவை. கிளிஃப் பிராங்வின், டோனி ஹைமன் குழுவினர் 2009-இல் இவை திடப் பொருட்கள் அல்ல, ஒன்றோடொன்று கலந்து பெரிதாகவும் கரையவும் கூடிய திரவத் துளிகள் என்று காட்டினார்கள். அதன் பிறகு செல் உயிரியலின் ஒரு பெரிய கிளையே இந்தத் துளிகளைச் சுற்றி வளர்ந்திருக்கிறது.

தாயின் தூதுகள் எப்போதும் தங்கியிருக்க முடியாது. கருவின் சொந்த மரபணுக்கள் எழும் வேளையில் பழையவற்றை அகற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் பழைய கட்டளையும் புதிய கட்டளையும் மோதும். ஈயில் அந்த வேலையிலும் பெரும்பங்கு ஸ்மாக்குக்கே. வரிக்குதிரை மீனில் கருவே முதலில் எழுதும் ஆர்.என்.ஏ-க்களில் மிர்-430 என்ற குட்டி ஆர்.என்.ஏ ஒன்று. அது நூற்றுக்கணக்கான தாய்த் தூதுகளைத் தேடி அழிக்கிறது.

நம் உடலில்

பெண் குழந்தையின் முட்டைச்செல்கள் அவள் பிறப்பதற்கு முன்பே உருவாகி, பாதிப் பிரிவில் நின்றுவிடுகின்றன. ஒவ்வொரு முட்டையும் தன் முறை வரும்வரை பத்து, இருபது, நாற்பது ஆண்டுகள்கூட அப்படியே காத்திருக்கும். முறை நெருங்கும்போது சில மாதங்களில் அது பெரிதாக வளர்கிறது, அப்போதுதான் தூதுகளைச் சேமிக்கிறது. அந்தச் சேமிப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு 2022-இல் ஒரு பதில் வந்தது. ஜெர்மனியில் மெலினா ஷூ தலைமையிலான குழு, பாலூட்டிகளின் முட்டையில் மைட்டோகாண்ட்ரியாக்களைச் சுற்றி ஒரு திரட்சியில் தூதுகள் வைக்கப்பட்டிருப்பதைக் கண்டது. அந்தத் திரட்சியைக் கட்டுவது ஸார்1 என்ற பிணைப்புப் புரதம். ஸார்1 இல்லாத பெண் எலிகளுக்குக் குட்டி பிறக்காது, அவற்றின் கருக்களில் பெரும்பாலானவை ஒரு செல் நிலையிலேயே நின்றுவிடும் என்பது 2003-லேயே தெரிந்திருந்தது. காரணம் தெரிய இத்தனை ஆண்டுகள் ஆயின.

ஆண்களிலும் இந்தப் புரதங்கள் உண்டு. ஒய் குரோமோசோமில் டி.ஏ.இசட். என்ற பிணைப்புப் புரதத்தின் மரபணுப் பிரதிகள் இருக்கின்றன. அவை இருக்கும் பகுதி அறுந்துபோவது, விந்தணு மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருப்பதற்கு அறியப்பட்ட மரபணுக் காரணங்களில் ஒன்று. குழந்தை இல்லை என்றால் முதலில் மனைவியைக் கூட்டிக்கொண்டு போகும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இந்தக் குறையைக் கண்டறிய ஆணின் ரத்தம் போதும்.

பெங்களூரில் இப்போது முக்கியச் சாலைகளிலெல்லாம் செயற்கைக் கருத்தரிப்பு மையங்களின் பலகைகள். வகுப்புக்கு வரும் பிள்ளை ஒருவனின் சித்தி, அவனை அழைத்துப்போக வந்தவர், தயங்கித் தயங்கி ஒருமுறை கேட்டார். "மிஸ், மூணாம் நாள் வரைக்கும் கரு நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க. அப்புறம் நின்னுபோச்சாம். வீட்ல நான் பப்பாளி சாப்பிட்டதாலன்னு சொல்றாங்க. நெசமா?" இல்லவே இல்லை. ஆய்வகத் தட்டில் வளர்ந்துகொண்டிருந்த கருவுக்கும் அவர் வயிற்றுக்குப் போன பப்பாளிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மூன்றாம் நாள்தான் தாயின் சேமிப்பிலிருந்து கருவின் சொந்த மரபணுக்களுக்குப் பொறுப்பு கைமாறும் நேரம். நிறைய கருக்கள் அந்தத் திருப்பத்திலோ அதற்கு அடுத்த இரண்டு நாட்களிலோ நிற்கின்றன. அடிக்கடி காணப்படும் காரணம், முட்டையிலோ பிரிவின்போதோ குரோமோசோம் எண்ணிக்கை பிசகுவது. யாரும் செய்த தப்பு அல்ல அது.

சில பெண்களுக்கு வேறு மாதிரி நடக்கும். எத்தனை முறை முட்டை எடுத்தாலும் எல்லாமே முதிராத முட்டையாகவே வரும். 2017-இல் இப்படிப்பட்ட சில குடும்பங்களில் பி.ஏ.டி.எல்.2 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாக இருப்பதைக் கண்டார்கள். முட்டையில் தூதுகளைப் பற்றி அடக்கி வைக்கும் பிணைப்புப் புரதம் அது. 2020-இல் இன்னொன்று தெரிந்தது. விந்து சேர்ந்தும் கரு ஒரு செல்லிலிருந்து இரண்டாகப் பிரியாமலே நிற்கும் சில பெண்களில் பி.டி.ஜி.4 பழுதாக இருந்தது. தாயின் பழைய தூதுகளின் வாலைக் கொறிக்கும் நொதிக் கூட்டத்தை வேலைக்கு அழைப்பது அந்தப் புரதம்.

இரண்டும் அரிதானவை. இரண்டிலும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று பழுதான பிரதிகள் சேர்ந்து வந்தால்தான் பாதிப்பு. தாய்மாமனை, அத்தை மகனை மணக்கும் வழக்கம் தமிழ் வீடுகளிலும் கன்னட வீடுகளிலும் உண்டு. பெண்ணின் பெற்றோர் நெருங்கிய உறவில் மணந்தவர்களாக இருந்தால் அந்த வாய்ப்பு கூடும். எனவே ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, எல்லா முட்டையும் முதிராமலோ எல்லாக் கருவும் பிரியாமலோ நின்றால், அடுத்த சுற்றுக்குப் பணம் கட்டுவதற்கு முன் மரபணு ஆலோசகர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெற்றோரின் உறவுமுறையையும், அக்கா தங்கைகளில் வேறு யாருக்காவது இதே சிக்கல் இருக்கிறதா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மரபணுவில்தான் காரணம் என்று உறுதியானால், அதே ஊசிகளைத் திரும்பப் போட்டு லட்சக்கணக்கில் செலவழிப்பதற்குப் பதிலாக, தானமாகப் பெறும் முட்டை உள்ளிட்ட வேறு வழிகளைப் பற்றி அப்போதே பேசத் தொடங்கலாம்.